ஓசித் துகள்

டாக்டர் கோமதிநாயகத்தின் எலிகள் சாகமாட்டோம் என்று அடம்பிடித்தன.

சாவதற்கென்றே வாங்கிவந்த எலிகள் அவை. மயில்குளம் காய்ச்சலின் வைரஸை ஏற்றினால் மூன்றாம் நாள் இடது முன்கால் நடுங்கும். அப்புறம் மூலையில் சுருண்டு படுக்கும். வாரம் முடிவதற்குள் கதை முடிந்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி போகிற சாலையில் பொட்டலில் நிற்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இதுநாள் வரை எந்த எலியும் இந்த ஒழுங்கை மீறியது கிடையாது. இந்தத் தடவை வந்த கூட்டமோ தின்றது, தூங்கியது, சக்கரத்தில் ஏறி ஓடியது, இறங்கி வந்து மறுபடி தின்றது.

காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் கொசு வழியாக வந்து நேரே மூளைக்குப் போய் உட்காரும். பிள்ளைகளைத்தான் அதிகம் கொண்டுபோகும். முதலில் கண்டது மயில்குளத்தில் என்பதால் அந்தப் பெயர். எங்கள் ஊர்ப் பெயரைக் கெடுக்காதே, ஒருத்தனும் பெண் கொடுக்கமாட்டேன் என்கிறான் என்று மயில்குளத்துக்காரர்கள் மறியல் பண்ணியதில், அரசாங்கம் காய்ச்சலுக்குப் பெயருக்குப் பதிலாக ஒரு நம்பரை வைத்தது. நம்பரை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? மயில்குளம் மயில்குளமாகவே நிலைத்துப்போனது.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு கம்பெனி மருந்து கண்டுபிடித்திருந்தது. பாதி எலிக்கு மருந்து உண்டு, பாதி எலிக்குக் கிடையாது. மருந்தில்லாத பாதி செத்தால்தான் மருந்து வாங்கிய பாதி பிழைத்ததற்கு அர்த்தம். இப்போது இரண்டு பாதியும் போட்டி போட்டுக்கொண்டு கொழுத்தால் கம்பெனி என்ன நினைக்கும், மேலிடத்துக் குழு என்ன கேட்கும்? நிலையத்தின் இயக்குநர் வைகுண்டம் தினமும் காலையில் போன் போட்டுவிடுவார்.

"என்னய்யா, இன்னைக்காவது ஒண்ணு ரெண்டு செத்துதா?"

"இல்ல சார். நானும் சாகலை."

ஆமாமா, அதுவும் முக்கியம்தான் என்று சொல்லிவிட்டு இயக்குநர் போனை வைப்பார்.

விஷயம் இதுதான். எலிகளுக்கு ஊசி போட்ட அன்று கடைசி எலி துள்ளிய துள்ளலில், ஊசி கோமதிநாயகத்தின் இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. இரண்டு கையுறையையும் தாண்டி நன்றாகவே இறங்கிவிட்டது. எலிக்குப் போன அதே சரக்கு. கம்பெனி மருந்தை மனுஷனுக்குப் போட இன்னும் அனுமதி கிடையாது. எலிக்கு ஒரு வாரம் என்றால் மனுஷனுக்கு இரண்டு வாரம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, எலி செத்தால் ஆராய்ச்சி பிழைக்கும், கோமதிநாயகம் போய்ச் சேருவார். எலி பிழைத்தால் கோமதிநாயகத்துக்கு ஏதோ வழி இருக்கிறது, ஆராய்ச்சி பாடையேறிவிடும். இருபது வருஷமாக எலி எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், வாழ்க்கையில் முதல் தடவையாக எலிகளின் ஆயுசுக்கு நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்டார்.

நிலையத்தின் பின்கட்டில் கண்ணாடி போட்ட தனியறையில் அவரை வைத்தார்கள். கூட ஒரு ஆள் துணைக்கு இருக்கலாம். ஆனால் உள்ளே வந்தால் முடிவு தெரியும்வரை வெளியே போக முடியாது. மனைவி செண்பகவல்லி மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்கு ஷார்ஜா போயிருந்தாள். கூட வேலைபார்க்கும் ஒவ்வொருவரையாகக் கேட்டார். ஒருத்தருக்குக் குலதெய்வம் கோயில் கொடை விழா. ஒருத்தருக்கு மூட்டுவலி. இன்னொருத்தர் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் வந்தவன் குத்தாலிங்கம்.

குத்தாலிங்கம் செண்பகவல்லியின் தம்பி. கோமதிநாயகத்தின் மகள் கல்யாணத்துக்குத் தென்காசியிலிருந்து ஒரு பையோடு வந்தவன், எல்லாரும் பஸ் ஏறிய பிறகும் ஏறவில்லை. நாளை போகிறேன், மறுநாள் போகிறேன் என்று சொல்லி, அப்புறம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான். கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. காபி குடித்த தம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்துபோவான். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது மனைவியின் முகத்துக்காக.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்த குத்தாலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏசி இருக்குன்னாவ, சரியாத்தான் இருக்கு. சாப்பாடு எத்தனை மணிக்கு அத்தான்?"

சாப்பாடு நேரத்துக்கு வந்தது. குட்டி விமானம் ஒன்று கொர்ரென்று பறந்துவந்து ஜன்னல் பெட்டிக்குள் இரண்டு பொட்டலத்தை இறக்கிவிட்டுப் போகும். கோமதிநாயகத்துக்குத் தொண்டையில் இறங்காது. மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இரண்டையும் குத்தாலிங்கமே முடித்துவிடுவான். அவர் கேட்டதற்கிணங்க எலிக்கூண்டுகளை அறைச் சுவர்த்திரையில் தெரியும்படி செய்திருந்தார்கள். அவர் பயத்தோடு பார்ப்பார், இவன் சீரியல் பார்க்கிற மாதிரிப் பார்ப்பான். எலிகளுக்குப் பேர் வேறு வைத்தாகிவிட்டது. இருப்பதிலேயே பெருத்தது பண்ணையார்.

"பண்ணையாரு ரெண்டாவது பந்திக்கும் உக்காந்துட்டாரு அத்தான். நீங்க பயப்படாதிய" என்பான்.

வாரம் முடிந்தும் ஒரு எலியும் சாகாததில் நிலையமே குழம்பிப்போனது. கோமதிநாயகத்துக்கு அடுத்த நிலையில் இருந்தவள் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. எலிகளின் ரத்தத்தையும் மிச்சமிருந்த வைரஸையும் அலசிப் பார்த்துவிட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து போனை எடுத்தாள். முகத்தில் ஒரு தினுசான கலக்கம்.

"சார், வைரஸ் வளர்க்கிற லீலா பேறுகால லீவில போனப்போ அதை நீங்கதானே வளர்த்தீங்க?"

ஆமாம் என்றார்.

"ஒரு குடுவையிலேருந்து அடுத்த குடுவைக்கு மாத்தும்போது ஆயிரத்துல ஒரு பங்கா நீர்க்க வச்சு ஊத்தணும். நீங்க எப்படி ஊத்துனீங்க? உண்மையைச் சொல்லுங்க."

கோமதிநாயகம் கட்டைவிரலைப் பார்த்தார். இங்கே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அவர் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது அவர்தான், அதை வேறு யாரிடமும் விடமாட்டார். உறைமோர் விடுவதில் அவர் கை தாராளம். ஊரே ஒரு ஸ்பூன் விட்டால் இவர் ஒரு கரண்டி விடுவார். தயிர் புளித்துப்போகிறது என்று செண்பகவல்லி தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்டதில்லை. கொஞ்சமாக விட்டால் எப்படி உறையும் என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி.

"நீர்க்க வைக்கலை" என்றார் மெதுவாக. "அப்படியே ஊத்துனேன். கொஞ்சம் தாராளமா."

ஜெசிந்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு விளக்கினாள். வைரஸ் தன்னைத் தானே நகல் எடுக்கும்போது சிலது அரைகுறையாகப் பிறக்கும். பாதி விவரம் இல்லாத துண்டு. தனியாக அதனால் ஒன்றும் கிழிக்க முடியாது.

"அப்ப அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் வைரஸைவிட எலியையே அதிகம் படித்த கோமதிநாயகம்.

"கல்யாண வீட்டை நினைச்சுக்கோங்க சார். முழு வைரஸ் ஒரு செல்லுக்குள்ள போய் அடுப்பு மூட்டி சமையலைத் தொடங்குது. இந்த அரைகுறையும் கூடவே நுழைஞ்சிருது. துண்டுங்கிறதால இதுக்கு நகல் சீக்கிரமா முடிஞ்சிரும். முதல் பந்தியில இதுவே கூட்டமா உக்காந்து எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டா, வீட்டுக்காரனுக்குச் சோறு கிடையாது. முழு வைரஸ் பெருக முடியாம முடங்கிப் போயிரும்."

கொஞ்சமாக ஊற்றினால் அரைகுறைத் துண்டு ஆளில்லாத செல்லில் தனியாக மாட்டிப் பட்டினியில் அழிந்துபோகும். தாராளமாக ஊற்றினால் ஒவ்வொரு செல்லிலும் அதற்குச் சமைத்துப்போட ஒரு முழு வைரஸ் தயாராக இருக்கும். குடுவைக்குக் குடுவை கோமதிநாயகம் அள்ளி ஊற்றியதில், கடைசியில் இருந்ததில் பெரும்பகுதி இந்தத் துண்டுகள்தான். எலிகள் பிழைத்ததன் ரகசியம் அதுதான் என்றாள்.

"அப்ப ஓசிச்சோறு தின்னே எலியைக் காப்பாத்திருக்கு" என்றான் கட்டிலில் படுத்திருந்த குத்தாலிங்கம். அன்றிலிருந்து அதற்கு ஓசித் துகள் என்றே பேர் நிலைத்துவிட்டது.

அது சரி, எலி பிழைத்ததால் மனுஷன் பிழைப்பானா என்று கோமதிநாயகம் கேட்டார். எலி மூளை வேறு, மனுஷ மூளை வேறு என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் காலையில் அவருடைய இடது கை நடுங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. சரி, நம் கதை முடிந்தது என்று அவர் தீர்மானித்துவிட்டார். சாகப்போகிறவனுக்கு வருகிற ஒரு தைரியம் வந்தது. அத்தனை வருஷமும் பல்லுக்குள் கடித்துவைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தார்.

"ஏடே குத்தாலம், கேட்டுக்கோ. என் வீட்ல இத்தனை வருஷம் உக்காந்து தின்னுருக்க. ஒரு தம்ளரைக் கழுவி வச்சிருப்பியா? நான் இருந்தவரைக்கும் சகிச்சுக்கிட்டேன். நான் போனப்புறம் உங்கக்காளுக்குப் பாரமா இருக்காத. ஊருக்குப் போயிரு."

குத்தாலிங்கத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவுதான்.

"சரி அத்தான்" என்றான்.

அப்புறம் நடந்ததைக் கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்கள் சொல்லித்தான் கோமதிநாயகத்துக்குத் தெரியும். காய்ச்சல் ஏறி அவர் உளறிக்கொண்டு கிடந்த நாட்களில் குத்தாலிங்கம் படுக்கவே இல்லையாம். ஈரத்துணி மாற்றினான், வாய்க்குள் கஞ்சி ஊற்றினான், படுக்கையை நனைத்தபோது முகம் சுளிக்காமல் துணி மாற்றினான். பொட்டலச் சாப்பாடு இரண்டும் பிரிக்காமலே திரும்பிப் போனதைப் பார்த்துத்தான் ஜெசிந்தாவுக்கே பயம் வந்ததாம். துரும்பை நகர்த்தாதவனுக்கு இதெல்லாம் எங்கே இருந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஓசித் துகள் மனுஷ மூளையிலும் வேலை செய்ததில் காய்ச்சல் இறங்கியது. கோமதிநாயகம் கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது சுவர்த்திரையில் பண்ணையாரின் பின்புறம்தான். இத்தனை அழகான காட்சியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

எலி சாகவில்லை என்று எரிந்து விழுந்துகொண்டிருந்த இயக்குநர் வைகுண்டம் இப்போது இது எங்கள் கண்டுபிடிப்பு என்று பேட்டி கொடுத்தார். ஆனால் கோமதிநாயகத்தை உடனே வீட்டுக்கு விடவில்லை. இன்னும் சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டுமென்றார்கள். அந்த வாரங்களில்தான் இரண்டு எலிகள் திடீரென்று செத்துப்போயின. பண்ணையாருக்கும் இடது கால் நடுங்கியது. ஜெசிந்தா அன்றைக்கே ஓசித் துகளை இன்னொரு ஊசி ஏற்றினாள். சாயங்காலம் பண்ணையார் சாப்பாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

விடுதலையாகிற நாளில் ஜெசிந்தா அவரை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் அவரை விட்டுப் போகவில்லை. மூளைக்குள் ஒரு மூலையில் இருக்கிறது, கூடவே ஓசியும் இருக்கிறது. அது இருக்கிறவரை இது தலைதூக்காது.

"ஓசி போயிட்டா?"

"போகாம பாத்துக்கணும் சார். குறைஞ்சா முதல்ல இடது கை நடுங்கும். அன்னைக்கே ஊசி போட்டுட்டா ஒண்ணுமில்ல. ஒரு நாள் தள்ளிப்போனாலும் அந்த ரெண்டு எலி கதைதான்."

கையில் கட்டுகிற பட்டை ஒன்றைச் செய்து பார்த்திருந்தார்கள். காபி தம்ளரைத் தூக்கினால் ஊதியது, கொட்டாவி விட்டால் ஊதியது, நிஜமான நடுக்கத்துக்குக் கம்மென்று இருந்தது. அதனால் மனுஷக் கண்தான் வேண்டும், அதுவும் கூடவே இருக்கிற கண் என்றாள்.

"உங்க வீட்ல வேலை வெட்டி இல்லாம, நாள் முழுக்க உங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி யாராவது இருக்காங்களா சார்?"

இதே கேள்விதான் பக்கத்து அறையில் மேலிடத்துக் குழுவையும் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. வருகிற ஐப்பசிக்குள் பிள்ளைகளுக்கு இதைப் போடலாமா? போட்டால் காய்ச்சலையும் ஓசியையும் சேர்த்தே உள்ளே விட வேண்டும், இரண்டும் ஆயுசுக்கும் போகாது. எந்தத் தாய் சம்மதிப்பாள்? போடாவிட்டால் இந்த வருஷமும் எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்கும்? திரையில் டெல்லியிலிருந்து பேசிய அதிகாரி, வீட்டுக்கு வீடு ஒரு சும்மா இருக்கிற ஆளை எங்கே போய்த் தேடுவது என்று சலித்துக்கொண்டார். அறையிலிருந்த எல்லாருக்கும் அவரவர் வீட்டில் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு பேர் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

கோமதிநாயகம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். குத்தாலிங்கத்துக்கு எந்தத் தொற்றும் இல்லை என்று அவனை அன்று காலையிலேயே அனுப்பியிருந்தார்கள். வீடு பூட்டிக்கிடந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தான். உள்ளே அவன் பை இல்லை, தலையணை இல்லை. அடுக்களைக்குப் போனார். வீட்டிலிருந்த அத்தனை தம்ளரும் கழுவி, மேடையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றுகூட விடவில்லை.

நாக்கில் சனி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

தென்காசி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரத்தில் மடியில் பையோடு குத்தாலிங்கம். ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் இதுவரை வந்ததில்லை, இப்போதும் வருவேனா என்றது.

"ஜெசிந்தா ஒரு ஆளு கேக்கா" என்றார். "என் கூடவே வீட்ல இருக்கணும். சும்மா என்னைப் பாத்துக்கிட்டு."

குத்தாலிங்கம் சந்தேகமாகப் பார்த்தான். "வேலையா அத்தான்? சம்பளம் உண்டோ?"

"சம்பளம்லாம் கிடையாது."

"அப்பச் சரி" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

பஸ் நகர்ந்தது. இறங்கிவிட வேண்டும் என்ற நினைப்பே கோமதிநாயகத்துக்கு இல்லை. வீட்டில் பால் இருக்கிறது, போனதும் உறை ஊற்ற வேண்டும், இனிமேல் தம்ளரைக் கழுவாதே, எனக்கு அதைப் பார்த்தால் என்னமோ செய்கிறது என்று என்னென்னவோ பேசிக்கொண்டே போனார். குத்தாலிங்கம் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். ஆனால் அவன் பார்வை அவர் முகத்தில் இல்லை.

"அத்தான், இடது கை ஆடுது."

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு ஆடுதுடே."

"கரண்டு பஸ்ஸு அத்தான். அது எங்க ஆடும்?"

குத்தாலிங்கம் அந்தக் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் மடியில், பைக்கு மேல் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"பயப்படாதிய. இந்த பஸ்ஸு உங்க ஆபீஸ் வழியாத்தான் போகுது, ஜெசிந்தா அம்மா இன்னும் கிளம்பிருக்க மாட்டாவ. ஒரு ஊசி, அவ்வளவுதான். பண்ணையாருக்குப் போடலையா?"

கண்டக்டர் வந்து நின்றார். கோமதிநாயகம் குத்தாலிங்கத்தைப் பார்த்தார். அவன் பிடித்த கையை விடவில்லை.

"ரெண்டு டிக்கெட்டு" என்றான் கண்டக்டரிடம். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "நீங்களே எடுத்திருங்க அத்தான். எனக்குக் கை ஒழியலை" என்றான்.